துவிதியை அன்று வில்லைத் தொடாதே

தம்பி,

உன் அம்மாவின் ஆட்டத்திவசத்தை, முதல் வருடத் திவசத்தை, நீ என்னைக் கேட்காமல் மூன்று கிழமை முன்னுக்கு இழுத்து வைத்தாய். அதை உன் வாயால் நான் கேட்கவில்லை. லூயி-பிளாங் தெருவில், மரக்கறிக் கடையில், வாழைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது ஐயர் சொல்லித்தான் கேட்டேன். "மகன் வந்து எல்லாம் ஒழுங்குபடுத்திப்போட்டார் அண்ணை. செப்ரெம்பர் முதல் ஞாயிறு. உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். எனக்கு முன்னால் வரிசையில் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர், எல்லோரும் எங்களைத் தெரிந்தவர்கள். "ஓம், ஓம்" என்றேன். முப்பத்தைந்து வருடமாக அந்தத் தெருவில் நிமிர்ந்து நடந்தவன், சொந்த மனைவியின் திவசம் எப்போது என்று தெரியாமல், தெரியும் என்று தலையாட்டிவிட்டு, வாழைக்காயைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இது நீ செய்த பிழை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் செய்ததையும் எழுதுவேன், அதற்கும் இந்தக் கடிதத்தில் இடம் இருக்கிறது.

நீ அதை முன்னுக்கு வைத்த காரணம் ஒரு மான். அமெரிக்காவின் மேற்கே, கொலராடோ மலையில், துவக்கு இல்லாமல் வில்லும் அம்பும் கொண்டு, தெருவே இல்லாத காட்டுக்குள் கூடாரம் போட்டுப் பதினொரு நாள் தங்கி வேட்டையாடப் போகிறாய். செப்ரெம்பரின் நடுவில் போய் ஒக்டோபர் இரண்டாம் திகதி திரும்புவாய். அம்மா செத்தது போன ஒக்டோபர் எட்டாம் திகதி. அதற்கு ஆறு நாள் முந்தி வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டு ரிக்கற் எடுத்தாய். நீ அம்மாவை மறந்து போட்ட கணக்கு இல்லை அது, அம்மாவை வைத்துக்கொண்டுதான் போட்டாய். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவரில் தொங்குகிற பிரெஞ்சுக் கலண்டரைப் பார்த்துப் போட்டாய். செத்தவர்களுக்கு அந்தக் கலண்டர் தெரியாது. அவர்களுக்கு மாதமும் பட்சமும் திதியும்தான் தெரியும். அம்மா போனது புரட்டாதி மாதம், அபரபக்கத் துவிதியையில், பூரணை கழிந்த இரண்டாம் நாளில். இந்த வருடம் அந்தத் துவிதியை பத்து நாள் முந்தி, செப்ரெம்பர் கடைசியில் வருகிறது. நீ மலையில் நிற்கிற நாளில் வருகிறது. வேட்டைக்காலம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது வருகிறது.

இந்த வேட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறாய். பதினாலு வருடம் ஒரு ரெஸ்ரோறண்டின் பின்பக்கத்தில் சட்டி பானை கழுவியபோது, மேசைகளில் விட்டுப்போன பேப்பர்களை ஈரக் கையோடு எடுத்து வைத்து, அகராதி பார்த்துப் பிரெஞ்சு படித்தவன் நான். எனக்கு ஒருவரும் எதுவும் சொல்லித் தரவில்லை, நானும் ஒருவரிடமும் கேட்டதில்லை. உன் பயணத்தைத் தடுக்க ஒரு காரணம் தேடித்தான் இதையும் வாசிக்கத் தொடங்கினேன். அந்த மானின் காது கோவேறு கழுதையின் காதுபோல நீளமாம், அதனால் மானுக்கும் கழுதைப் பெயராம். பிறகு அனுமதிச் சீட்டின் சட்டங்களை வாசித்தேன். காற்றைப் பற்றி வாசித்தேன். காலையில் குளிர்காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், வெயில் பட்ட பிறகு மேலே ஏறும், அதனால் மான் படுத்த பிறகு, காற்று ஏறத் தொடங்கிய பிறகு, எங்கள் மணம் அதற்குப் போகாமல் மேலே இருந்துதான் இறங்கி நெருங்க வேண்டும் என்று வாசித்தேன். கடைசி நூறு மீற்றரைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு போகிறவர்கள் இருக்கிறார்களாம். தடுக்கக் காரணம் தேடிப் போனவனுக்குக் கடைசியில் அந்த மலையின் பள்ளம் மேடெல்லாம் பாடமாகிவிட்டது. அதை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. அதுவும் என் குணம்.

அம்மாவுக்கு இப்படி ஒளித்து வைக்கத் தெரியாது. உன் பன்னிரண்டு வயதிலிருந்து ஞாயிறு காலைகளில் செவ்ரானிலுள்ள வில்வித்தைக் கழகத்துக்கு உன்னைக் கூட்டிப் போனது அவள். வாங்கில் தேத்தண்ணிப் போத்தலோடு இருந்து, ஒன்றும் விளங்காமலே இருந்து இருந்து, கடைசியில் உன் இடது முழங்கை எப்போது தளர்கிறது என்று பயிற்சியாளருக்கு முதல் கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள். நான் ஒரு நாளும் வரவில்லை. வில்லால் சோறு வருமோ என்று கேட்டேன். நீ வேட்டைக்கு ஆயத்தமாகத் தொடங்கி, பத்துக் கிலோ அரிசிப் பைகள் இரண்டை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆறு மாடியும் ஏறி இறங்கியபோது, அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்து எண்ணினாள். அப்போதே அவளுக்கு வருத்தம் முற்றியிருந்தது, இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது, என்றாலும் எண்ணினாள். மூன்றாம் மாடி மன்னார் அன்ரி உன்னை மறித்து, "தம்பி, ஒரே அரிசியை ஏன் திரும்பத் திரும்பக் கொண்டுவாறாய், கடைக்காரன் எடுக்கமாட்டன் எண்டுறானோ" என்று கேட்டதை நீ வந்து சொல்ல, அம்மா சிரித்துச் சிரித்து இருமி, நான் ஓடிப்போய்த் தண்ணி கொடுத்தேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்புக் கேட்கவில்லை.

குசினி மேசையில் நீ அந்த வரைபடத்தை விரித்த பின்னேரங்களை நான் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் இருவரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டேன் என்பது வேறு. அம்மா வன்னிப் பக்கத்தாள், மான் இறைச்சி வத்தல் தின்று வளர்ந்தவள். நீ மலை முகடுகளையும் பாதைகளையும் காட்ட, அவள் சொன்னாள்: "அதை விடு. தண்ணி எங்கையெண்டு முதல் பார். மான் குடிக்காமல் எங்கை போறது?" நீ சின்ன நீலப் புள்ளி ஒன்றைக் காட்டினாய். ஒரு ஊற்று. அவள் சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் கோணலாகிவிட்டது. பிறகு இறைச்சியைப் பற்றிக் கதை வந்தது. வத்தல் போட்டுக் கொண்டு வரச் சொன்னாள். நீ சுங்கத்தில் விடமாட்டார்கள், எறிந்துவிடுவார்கள் என்றாய். "அப்ப அங்கையே திண்டிட்டு வா. வயித்துக்குள்ளை பாக்கமாட்டினம்தானே" என்றாள். நான் இருட்டறையில் இருந்து சத்தம் வராமல் சிரித்தேன். அதை உங்கள் இருவருக்கும் காட்டவில்லை.

அவளோடு நீ தமிழில் கதைப்பாய், என்னோடு பிரெஞ்சில். அதுவும் நான் செய்த வேலைதான். உனக்கு ஏழு வயதில், நான் பேப்பரில் படித்த பிரெஞ்சைக் கதைத்துப் பார்க்க ஆள் இல்லாமல், என்னோடு பிரெஞ்சில் மட்டும் கதை என்று உனக்குக் கட்டளை போட்டேன். என் பிழைகளைத் திருத்தினால் ஒரு சொக்லேற் தருவேன் என்றேன். நான் பிரெஞ்சு பழகினேன். நீ என்னோடு தமிழ் கதைக்காமல் பழகினாய். பிறகு அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. பிரெஞ்சில் நீ என்னைத் திருத்துகிறவன், தமிழில் அம்மாவின் பிள்ளை. என் பிள்ளையாக நீ எந்த மொழியில் இருந்தாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

திதியில் நான் ஏன் இப்படி நிற்கிறேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நான் இங்கே வந்து பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் இல்லாமல், ஒபர்வில்லியேயில் ஒரு அறையில் ஒன்பது பேரோடு இருந்த காலத்தில் என் ஐயா, உன் அப்பப்பா, ஊரில் செத்துப்போனார். செய்தி இரண்டு மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தது. கடிதத்தில் ஆங்கிலத் திகதி மட்டும்தான் இருந்தது. நான் அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் வேலைக்குப் போகாமல், குளித்து, ஒரு வேளை சமைத்து, யன்னலில் காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். ஆறு வருடம் அப்படிச் செய்தேன். பிறகுதான் உன் பெரிய மாமி எழுதினா, சித்திரை மாதப் பூர்வபக்கத் தசமி என்று. பஞ்சாங்கத்தை எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தேன். ஆறு வருடத்தில் ஒரு வருடம்கூடப் பொருந்தவில்லை. ஆறு வருடம் அந்த மனிசன் தன் நாளில் என் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார், நான் சட்டி கழுவிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவர் திரும்பிப் போன பிறகு நான் இலை போட்டிருக்கிறேன். இது மூடநம்பிக்கை என்று நீ சொல்லலாம். எனக்கு அது ஒரு மனிசனைத் தண்ணி கொடுக்காமல் திருப்பி அனுப்பிய கதை.

இப்போது என்னுடையதை எழுதுகிறேன்.

சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கிய அன்றே நான் துவிதியையைப் பார்த்துவிட்டேன். பார்த்து, குசினிக் கலண்டரில் செப்ரெம்பர்த் தாளில் பென்சிலால் சின்னதாக, அம்மா, துவிதியை என்று குறித்தும் வைத்தேன். ஆனி மாதம் நீ ஓடி வந்தாய். மூன்று வருடமாகப் போட்ட வேட்டை அனுமதிக் குலுக்கலில் இந்த முறை சீட்டு விழுந்துவிட்டது என்றாய். அம்மா போன பிறகு உன் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன். போகிற நாளையும் வருகிற நாளையும் சொல்லி, அம்மாவின் நாளுக்கு முதல் வந்துவிடுவேன் என்று பிரெஞ்சில் சொன்னாய். ரிக்கற் இன்னும் எடுக்கவில்லை, அன்று பின்னேரம் எடுக்கப் போவதாகச் சொன்னாய். கலண்டர் உன் தலைக்குப் பின்னால் தொங்கியது. நான் "ம்" என்றேன்.

அந்த "ம்" தான் நான் செய்தது. ஒரு வசனம் சொல்லியிருந்தால் நீ பயணத்தை ஒரு கிழமை முந்தி வைத்திருப்பாய். ஏன் சொல்லவில்லை என்று இந்தப் பன்னிரண்டு நாளும் என்னையே கேட்கிறேன். நீ என்னிடம் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அம்மாவின் நாள் எப்போது அப்பா என்று நீ ஒருதரம் கேட்டிருந்தால் போதும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த வரைபடத்தில் எனக்கு இடம் இருக்கவில்லை. நீயும் அவளுமாகப் போட்ட திட்டம், அவள் போன பிறகும் நீங்கள் இருவருமாகவே போகிற பயணம். அது கெட்டுப்போனால் நான் கெடுக்காமலே கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேன்.

ஆவணியில் உன் அக்கா கலண்டரைப் புரட்டியபோது அந்தப் பென்சில் குறியைக் கண்டு உனக்குச் சொன்னாள். நீ எனக்கு முகம் கொடுக்காமல் ஐயரிடம் போனாய். இங்கே எல்லோரும் வசதியான ஞாயிறுக்குத்தானே வைக்கிறார்கள் என்று அவரும் ஒத்துக்கொண்டார். கடையில் நடந்த அன்று பின்னேரம் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்து ஏசினேன். பயணத்தை விடுகிறேன் என்று நீ சொன்னாய். நான் அதற்கும் விடவில்லை, தாய்க்குத் தண்ணி விட முடியாதவனுக்கு மான் எதற்கு என்றேன். அப்போது நீ, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, என்னிடம் தமிழில் கேட்டாய்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அப்பா?"

"அக்கா சொல்லித்தான் தெரியும்."

நீ கலண்டரின் செப்ரெம்பர்த் தாளைப் புரட்டிப் பார்த்தாய். அதில் இருந்தது என் கையெழுத்து. பிறகு என்னைப் பார்த்தாய். "சே பொன்", சரி போதும் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமல் போனாய். நீ கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் எனக்குப் பழகின சாமான். திறந்து கிடந்த கதவை நானே எழுந்து போய்ச் சாத்த வேண்டியிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் நீ தமிழில் கேட்டாய். உனக்கு வாசிக்கக் கஷ்டமான இடத்தில் அக்காவிடம் கேள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

நேற்று ஐயரிடம் போய்த் திவசத்தைத் திரும்பவும் துவிதியைக்கே மாற்றிவிட்டேன். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். ஆனால் நீ பயணத்தை விடக்கூடாது. தாய் செத்து ஒரு வருடம் முடிய முன்னம் வேட்டையா என்று கேட்கிறவர்கள் தெருவில் இருப்பார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன், அந்த மரக்கறிக் கடை வரிசையிலேயே நின்று சொல்வேன். மகன் இல்லாமல் எப்படி என்று ஐயரிடம் கேட்டேன். "நீங்கள் இருங்கோ அண்ணை. அவர் அங்கையிருந்து எள்ளுந் தண்ணியும் விட்டாரெண்டால் அதுவும் போய்ச் சேரும்" என்றார். எந்தத் திசை என்று கேட்டேன். "தெற்கு எல்லா இடத்திலையும் தெற்குத்தானே" என்றார். கிரெமத்தோரியத்தில் கொள்ளிக்குப் பதிலாக ஒரு பொத்தானைத்தான் உன்னை அமத்தச் சொன்னார்கள். நீ அமத்திவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாய். இவ்வளவுதான் இல்லை. இதுவும் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை.

உன்னோடு வேட்டைக்கு வருகிற சிநேகிதன் ஜூலியன் தன் முழங்காலை இந்தக் கிழமையே டொக்டரிடம் காட்ட வேண்டும். போன மாரியில் படியில் அவன் நொண்டியதை நான் பார்த்தேன். மான் விழுந்தால் இறைச்சியையும் கூடாரத்தையும் தெருவரைக்கும் சுமக்க ஆளுக்கு இரண்டு தரமாவது ஏறி இறங்க வேண்டும், அதை ஒன்றரைக் காலோடு செய்ய முடியாது. துவிதியைக்கு முதல்நாள் பின்னேரம் அவன் உன் வில்லையும் அம்புகளையும் வாங்கித் தன் பக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்த நாள் முழுக்க உன்னிடம் தரக்கூடாது, எவ்வளவு பெரிய மான் வந்து முன்னால் நின்றாலும், நீ கெஞ்சினாலும். அவனுக்குப் பிரெஞ்சில் தனிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ நாற்பது மீற்றருக்கு மேல் எய்யாதே. கழகத்தில் அறுபதில் விழுவது எனக்குத் தெரியும், கழகத்தில் பலகை நகராது. எய்த பிறகு ஒரு மணித்தியாலம் இருந்த இடத்திலேயே இரு. அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து போய் எங்கோ கிடந்து சாகும், அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு வராதே. இறைச்சியை நிழலில் தூக்கிக் கட்டு, ஒரு துண்டும் வீணாக்காதே, கொண்டுவர முடியாததை அந்த ஊர்ச் சனத்துக்குக் கொடு. மத்தியானம் இடி முழங்கினால் முகட்டில் நிற்காதே. ஒவ்வொரு பின்னேரமும் செய்மதிக் கருவியால் அக்காவுக்கு ஒரு வரி அனுப்பு. மான் கிடைத்ததா என்று நான் கேட்கமாட்டேன், இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் எள்ளு இருக்கிறது. விமானநிலையப் படிவத்தில் அதை எழுதிக் கொடு, ஒளிக்காதே, ஒளித்து நான் பட்டது போதும். துவிதியை அன்று விடிந்ததும் அம்மா வட்டம் போட்ட ஊற்றுக்குப் போ. தெற்கே பார்த்து நில். அவளுடைய பெயரைச் சொல்லி, எள்ளோடு மூன்று தரம் தண்ணி விடு. மந்திரம் தெரியாவிட்டால் தமிழில் கதை, அவளுக்கு அது போதும்.

அன்று இங்கே ஐயர் பதினொரு மணிக்கு வந்து, நான் இருந்து செய்ய வேண்டியதைச் செய்வித்துவிட்டுப் போவார். அக்கா வாழைக்காய், கத்தரிக்காய், பருப்பு, பாயாசம் சமைப்பாள், இலையைக் கழுவித் துடைத்து மேசையில் வைப்பாள், ஆனால் அதில் படைக்கமாட்டாள். எங்களுக்கு விடிந்து எட்டு மணித்தியாலம் கழித்துத்தான் உனக்கு விடியும். அதுவரை நான் சாப்பிடாமல் யன்னல் பக்கத்தில் இருப்பேன். நீ தண்ணி விட்டாய் என்று உன் செய்தி வந்த பிறகு அக்கா இலை போடுவாள். நான் காகத்துக்கு வைப்பேன்.

அப்பா